கைபடும் இடத்தில் கவனம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுப் பொருள்களின் வடிவமைப்பு, தேர்வு, பராமரிப்பு ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் தரப்படுகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும் வந்தவை. எல்லாக் கடிதங்களும் ஏதோ ஒரு வகையில் பொருள்களின் சிறு நுணுக்கங்களைப் பற்றியே கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் காலத்துப் பித்தளைக் கெண்டி ஒன்று இருக்கிறது. அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்துக் குழிப்பணியாரத்துக்கு விடும்போது ஒரு சொட்டுகூட வெளியில் வழியாது. அண்மையில் நல்ல விலை கொடுத்து எவர்சில்வர் எண்ணெய்க் குவளை ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு முறையும் மூக்கின் அடியில் எண்ணெய் வழிந்து அடுப்பு மேடை பிசுக்காகிறது. கடைக்காரரிடம் சொன்னால், "இதையெல்லாம் ஒரு குறை என்று சொல்லலாமா, ஆச்சி?" என்கிறார். இது உண்மையிலேயே பேசத் தகாத சிறிய விஷயம்தானா?
— இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: கட்டாயம் பேச வேண்டிய விஷயம். எண்ணெயைச் சேர்த்து வைத்திருப்பதோடு எண்ணெய்க் குவளையின் வேலை முடிந்துவிடுவதில்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு விட்டு, கையை நிமிர்த்தியவுடன் நின்றுவிட வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்காகத்தானே அதற்கு மூக்கு வைத்திருக்கிறார்கள்? அதைச் செய்யாத குவளை, எவ்வளவு பளபளத்தாலும், பாதி வேலையோடு கடைக்கு வந்துவிட்ட பொருள் என்றே நான் சொல்வேன்.

வழிவதற்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியதுதான். வேகமாக ஊற்றும்போது திரவம் அந்த வேகத்திலேயே விளிம்பைவிட்டுப் பிரிந்து பாய்ந்துவிடுகிறது. மெதுவாக ஊற்றும்போதும், ஊற்றுவதை நிறுத்தும் கணத்திலும் அந்த வேகம் இருப்பதில்லை. அப்போது திரவம் விளிம்பைச் சுற்றி வளைந்து, மூக்கின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. விளிம்பு தடித்து உருண்டிருந்தால் அது வளைவதற்கு வசதியாகிறது; மெலிந்து கூராக இருந்தால் அந்த முனையிலேயே அறுபட்டுவிடுகிறது. உலோகத்தின்மேல் தண்ணீரைவிட எண்ணெய் எளிதாகப் படரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியாரக் குழி ஒவ்வொன்றுக்கும் நீங்கள் விடுவது சில சொட்டுகள்; அதாவது, எண்ணெய் மிக எளிதாக வழியக்கூடிய முறையில்தான் நம் சமையலறைகளில் அந்தக் குவளை நாள்தோறும் பயன்படுகிறது. தண்ணீரை நிரப்பி, ஒரே வீச்சில் ஊற்றிப் பார்த்துவிட்டு "நன்றாக ஊற்றுகிறது" என்று முடிவு செய்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது. உங்கள் கெண்டியின் மூக்கு நுனியை விரலால் தடவிப் பாருங்கள். அது மெலிந்து, வெளியே நீண்டு, சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருந்தால், வழியாமல் இருப்பதற்கான காரணம் அதுதான்.

இதே சிக்கலுக்காக மூன்று ஆண்டுகள் உழைத்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பாளர் கென்ஜி எக்குவான், கிக்கோமான் நிறுவனத்தின் சோயா சாஸுக்காக உருவாக்கிய சிறிய கண்ணாடிக் குப்பி 1961-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு ஜப்பானிய வீடுகளில் பெரிய பாட்டிலில் வாங்கி, சிறு குவளையில் ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் வைப்பதே வழக்கம். எக்குவானும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகு, குப்பி மூக்கின் அடிப்பக்கத்தை உள்நோக்கிச் சரிவாக வெட்டினால் சாஸ் வழியாமல் நிற்கிறது என்று கண்டார்கள். சிவப்பு மூடியில் இரண்டு பக்கமும் வாய்கள் வைத்தார்கள். ஒன்றின் வழியே சாஸ் வெளியேறும்போது மற்றொன்றின் வழியே காற்று உள்ளே செல்லும். ஒரு வாயை விரலால் அடைத்து, ஊற்றும் அளவைக் குறைக்கவும் முடியும். பின்னாளில் ஜப்பானின் அதிவேக ரயில்களுக்கே வடிவம் கொடுத்த எக்குவானின் பெயரைச் சொன்னதும் உலகம் இன்றும் முதலில் நினைப்பது இந்தக் குப்பியைத்தான். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்த வடிவம் மாறவில்லை.

அடுத்த முறை பாத்திரக் கடைக்குச் செல்லும்போது, குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். மிக மெதுவாகச் சாய்த்து, பத்துச் சொட்டு விட்டு, சட்டென்று நிமிர்த்துங்கள். பிறகு மூக்கின் அடியைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். தண்ணீரே வழிந்தால் எண்ணெய் நிச்சயம் வழியும். கூடவே மூடியையும் பாருங்கள். காற்று உள்ளே நுழைய வழியில்லாத மூடியாக இருந்தால் எண்ணெய் விட்டுவிட்டுக் குதித்து விழும். கைப்பிடிக்குள் உங்கள் விரல்கள் தாராளமாக நுழைகின்றனவா, உள்ளே கையையோ தூரிகையையோ விட்டுத் தேய்க்க முடிகிறதா என்பனவற்றையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பளபளப்பைப் பாருங்கள். காபி டம்ளரின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருப்பதும், பெரிய அண்டாக்களின் விளிம்பில் தடிப்பும் பக்கங்களில் வளையங்களும் இருப்பதும் இப்படிப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சேர்த்த நுணுக்கங்கள்தான். சுடும் டம்ளரை விரல் நுனியால் பிடிக்க அந்த விளிம்பு உதவுகிறது. தகட்டின் கூர்முனை கையை அறுக்காமல் காப்பதுடன் பாத்திரத்துக்கு வலுவும் தருகிறது.

கேள்வி: ஆத்தங்குடியில் அப்பா தொடங்கிய பூக்கல் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் புதிய டிசைன்தான் கேட்கிறார்கள். ஆலையில் செய்த டைல்ஸோடு விலையில் எங்களால் போட்டியிட முடியாது. பூ வேலைப்பாட்டைத் தவிர வேறு எதில் நாங்கள் கவனம் செலுத்தினால் நல்லது?
— பட்டறை உரிமையாளர், ஆத்தங்குடி

பதில்: பிற ஊர் வாசகர்களுக்காக, உங்கள் தொழிலின் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சைப் பொருத்தி, அதன் அறைகளில் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடும்போது கண்ணாடி தனியாகப் பிரிந்துவரும். கல்லின் வழவழப்பு முழுவதும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதே. அதாவது, செய்யும்போது கல்லின் முகம் கீழேயும் முதுகு மேலேயும் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான என் முதல் யோசனை இந்த ஒரு விவரத்திலிருந்தே கிடைக்கிறது.

கடைசியாக மட்டம் செய்யும் முதுகு ஈரமாக, உங்கள் கைக்கு எட்டும்படி இருக்கிறது. அப்போது ஒரு சிறிய முத்திரையை அழுத்தினால், செய்த மாதமும் ஆண்டும், எந்தக் கலவையில் செய்த கல் என்ற எண்ணும், பட்டறையின் அடையாளமும் என்றும் அழியாமல் பதிந்துவிடும். இதற்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. வாங்குபவருக்கோ இது மிகப் பெரிய உதவி. வண்ணத்தைக் கையால் கலப்பதால் ஒரு நாளைய சிவப்புக்கும் மறுநாளைய சிவப்புக்கும் மெல்லிய வேறுபாடு இருக்கும். கலவை எண் இருந்தால், கொத்தனார் ஒரே அறைக்கு ஒரே கலவைக் கற்களை எடுத்துப் பதிப்பார். வேறு கலவைக் கற்களைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடுவார். இப்போது இந்த வேலையை வெயிலில் நின்று கண்ணால் பார்த்தே செய்கிறார்கள். தரையைப் பதித்த பிறகு வேறுபாடு தெரிந்தால் யாராலும் எதுவும் செய்ய முடிவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து நான்கு கற்களை மாற்ற நேர்ந்தாலும், உடைத்து எடுத்த கல்லின் முதுகைப் பார்த்து, அது எந்தப் பட்டறையில் எப்போது செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு உங்களைத் தேடி வருவார்கள். அந்த முத்திரையின் பள்ளங்களே, கல் சாந்தில் நன்றாகப் பிடித்து நிற்கவும் துணைசெய்யும்.

இரண்டாவது, கூடுதல் கற்கள். தரையின் அளவுக்குமேல் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் அதே கலவையில் செய்து, தனியாகக் கட்டி, "பழுது பார்ப்பதற்காகப் பத்திரப்படுத்துக" என்று எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய வீடுகளைச் சீர் செய்பவர்களிடம் கேட்டால், தரை முழுவதும் நன்றாக இருந்தும் ஐந்தாறு கற்களுக்கு ஜோடி கிடைக்காமல் அவர்கள் எவ்வளவு அலைகிறார்கள் என்று தெரியும்.

மூன்றாவது, கட்டும் முறை. சிமென்ட் கல்லைப் படுக்கவைத்து அடுக்கினால் வண்டியின் குலுக்கலில் அடியில் இருப்பது விரிசல் விடும். இரண்டு முகங்களுக்கு நடுவில் மணல் துகள் சிக்கினால் வழவழப்பில் கீறல் விழும். முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் காகிதம் வைத்து, விளிம்பில் நிறுத்திக் கட்டுவதே சரி. பெட்டியின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைச் சுமை இறக்குபவர் எட்ட நின்று பார்த்தாலே தெரியும்படி பெரிய அம்புக்குறி போடுங்கள். பெட்டியைத் தூக்கக் கை நுழையும் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இல்லாத பெட்டி தரையிலிருந்து ஒருச்சாய்த்துத்தான் தூக்கப்படும். மூலைகள் உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை வியாபாரத்துக்கு எதிரானது என்று நினைத்துவிடாதீர்கள். சிமென்ட் பரப்பை அமிலம் அரிக்கும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தி அப்படியே கிடந்தால் அந்த இடம் மங்கிவிடும். கழிவறை கழுவும் அமிலம் பட்டால் வண்ணமே போய்விடும். வழவழப்பான முகத்தில் தண்ணீர் நின்றால் வழுக்கவும் செய்யும். ஆகவே குளியலறைக்குக் கேட்பவர்களிடம் அது ஏற்றதன்று என்று சொல்லிவிடுவதும், மற்றவர்களுக்கு எதைக் கொண்டு துடைக்கலாம், எதைக் கொண்டு துடைக்கக்கூடாது என்று உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருவதும் நல்லது. அந்த அட்டை தமிழில் கட்டாயம் இருக்க வேண்டும்; ஏனென்றால் வீட்டைக் கட்டுபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம், தரையைத் துடைப்பவர் இந்த ஊரில் இருக்கிறார். ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது என்று குறை சொல்பவர்களில் பலரிடம் எப்படித் துடைத்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் அமிலத்தில்தான் போய் முடிகிறது. புதிய பூவைத் தேடுவதற்கு முன்பு இந்த நான்கையும் செய்துவிடுங்கள். முத்திரையை இந்த வாரமே தொடங்கலாம்.

கேள்வி: சமையல் எரிவாயு சிலிண்டரின் அடி வளையத்தில் துளைகள் எதற்காக? மேலே ஓர் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கிறார்களே, அது என்ன?
— வாசகர், கோட்டையூர்

பதில்: சிலிண்டரின் அடிப்பாகம் தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்பதற்காகவே அந்த வளையம் இருக்கிறது. தரையைக் கழுவும்போது உள்ளே புகும் தண்ணீர் வெளியேறவும், காற்று புகுந்து ஈரம் உலரவும் துளைகள் வைத்திருக்கிறார்கள். துளைகள் இல்லையென்றால் ஈரம் உள்ளேயே தங்கி, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். மேல் வளையம் வால்வைக் காப்பதோடு, தூக்குவதற்குக் கைப்பிடியாகவும் உதவுகிறது. அதைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் எழுதியிருப்பது, அந்த உருளையை மீண்டும் சோதிக்க வேண்டிய காலம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அடுத்து வருவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். காலம் கடந்த உருளை வந்தால் வாங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். வெற்று உருளையின் எடையும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த உருளையின் எடை கிடைத்துவிடும். வாசனையே இல்லாத வாயுவில் கசிவை மூக்கால் அறிவதற்காக நாற்றமுள்ள மெர்காப்டனைக் கலக்கிறார்கள் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். பார்வைக்குப் படாத இத்தனை ஏற்பாடுகள்தான் அந்தப் பொருளை நம் சமையலறைக்குள் வைத்துக்கொள்ளத் தக்கதாக்குகின்றன.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் வெட்டிக் கொடுக்கிறார். தேதி இருக்கும் பகுதி அவரிடமே நின்றுவிடுகிறது. குளியலறையில் ஷாம்பு எது, எண்ணெய் எது என்றும் தெரிவதில்லை. முதியவர்களுக்கென்று தனியாகப் பொருள்கள் செய்ய மாட்டார்களா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, முதியவர்களுக்கென்று தனிப் பொருள் வேண்டியதில்லை. முதியவர் எளிதாகக் கையாளும்படி செய்தால் அது எல்லாருக்கும் எளிதாகிவிடுகிறது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவலி இருந்ததால் காய்த்தோல் சீவும் கத்தியைப் பிடிப்பதே துன்பமாக இருந்தது. அதைப் பார்த்து, தடித்த, மென்மையான ரப்பர் கைப்பிடியும் விரல் பதியும் இடத்தில் மெல்லிய வரிகளும் கொண்ட சீவு கத்தியை 1990-இல் ஃபார்பர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாதாரணக் கத்தியைவிட விலை கூடுதலாக இருந்தும், கையில் வலி ஏதும் இல்லாதவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். ஈரக் கையில் அது வழுக்குவதில்லை என்பதே காரணம்.

ஷாம்பு விஷயத்தில் ஜப்பானின் காவோ நிறுவனம் 1991-இல் ஒரு நல்ல வழியைக் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு தலை கழுவும்போதும் கையால் தடவி அறியும்படி, ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் சிறு மேடுகளை வரிசையாக வைத்தது. ஷாம்புக்குப் பிறகு கூந்தலுக்குப் போடும் கண்டிஷனர் பாட்டிலுக்கு மேடு கிடையாது. அந்த யோசனையைத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களும் பின்பற்றும்படி விட்டுவிட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு நிறுவனம் மட்டும் வைத்தால் அந்த அடையாளத்துக்குப் பொருளில்லை. எல்லாரும் வைத்தால்தான் விரல் அதை நம்பும். நம் நாட்டு நோட்டுகளில் இதே எண்ணம் இருக்கிறது: புதிய வரிசை 100 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகளும், 200-இல் நான்கு கோடுகளோடு இரண்டு வட்டங்களும், 500-இல் ஐந்து கோடுகளும் மேடாக அச்சிடப்பட்டிருக்கின்றன. மதிப்பு கூடக்கூட நோட்டின் நீளமும் கூடுகிறது. கசங்கி அழுக்கேறிய நோட்டில் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அளவு வேறுபாடு அப்போதும் உதவும். உங்கள் குளியலறைக்கு இன்றே ஒரு வழி: ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுவிடுங்கள்.

மாத்திரை அட்டையில் இருப்பது உண்மையான ஆபத்து. அதை வெறும் வசதிக்குறைவு என்று விட்டுவிட முடியாது. அட்டையை வடிவமைத்தவர்கள் அது முழுதாகவே விற்கப்படும் என்று எண்ணிக்கொண்டார்கள். நம் ஊரில் அது வெட்டி விற்கப்படுகிறது. மாத்திரையின் பெயரை ஒவ்வொரு குழியின் பின்னாலும் அச்சிட முடிகிறது என்றால், காலாவதி மாதத்தையும் அட்டையின் இரு முனைகளிலாவது அச்சிடலாம். அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலி மருந்தைக் கண்டறிய அது உதவும். ஆனால் கைபேசியைத் தேடி எடுத்துப் படம்பிடிக்க வேண்டியிருப்பது, இரவில் நெஞ்சு வலியோடு மாத்திரை தேடும் ஒருவருக்கு விடையாகாது. பெரிய எழுத்தில் அச்சிட்ட தேதிதான் அவருக்கு வேண்டும். அதுவரையில், வெட்டும்போது தேதி இல்லாத முனையைக் கடையில் வைத்துக்கொண்டு தேதி உள்ள பகுதியைத் தரும்படி கேளுங்கள். கடையில் மிஞ்சும் துண்டிலும் தேதி இருக்காது என்பதால் அவர் தயங்கக்கூடும். அப்போது உறையின்மேல் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊரில் பலகாரம் செய்து விற்கும் பெண்களுக்காகத் தேன்குழல் பிழியும் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்கிறோம். அவர்களிடம் கேட்டபோது, கழுவுவதுதான் பெரிய தொல்லை என்றார்கள். அதை மையமாக வைத்தால், "இதில் புதுமை எங்கே? சென்சாரும் செயலியும் சேருங்கள்" என்கிறார் ஆசிரியர். கழுவ வசதி செய்வது பொறியியல் ஆகாதா?
— மாணவர், புதுவயல்

பதில்: நீங்கள் பயன்படுத்துபவரிடம் கேட்டு ஒரு விடை பெற்றிருக்கிறீர்கள். அந்த விடையைக் கைவிடாதீர்கள், தம்பி. உங்கள் ஆசிரியரிடம் காட்டுவதற்கு நம் நாட்டிலேயே பிறந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: தெருமுனைகளில் நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பு. 1960-களில் ஊர்களில் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்தின் பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஊரே நாள் முழுவதும் அடித்ததால் அவை விரைவில் உடைந்து நின்றன. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் எஃகால் செய்த ஒரு பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃபும் அரசு அமைப்புகளும் சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையும் சேர்ந்து 1970-களில் உருவாக்கியதுதான் மார்க் 2.

அதில் பெரிய கண்டுபிடிப்பு என்று ஒன்றைத் தனியே காட்ட முடியாது. எல்லாம் சிறிய நுணுக்கங்கள். கைப்பிடி அசையும் அச்சில் தூசி புகாத பால் பேரிங் வைத்தார்கள். கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் வளைந்த பட்டையின்மேல் ஓடும் சங்கிலியால் இணைத்தார்கள். யார் எப்படி அடித்தாலும் கம்பி நேராகவே ஏறி இறங்கும். ஆகையால் பக்கவாட்டுத் தேய்மானம் குறைந்தது. ஆழத்தில் தொங்கும் கம்பியின் பாரத்தைச் சமன்செய்யக் கைப்பிடியைக் கனமான இரும்புச் சட்டமாகச் செய்தார்கள். கால்களைக் கான்கிரீட் மேடையில் பதித்து, சிந்திய அழுக்குநீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்காமல் தடுத்தார்கள். அப்படியும் ஒரு குறை மிஞ்சியது. அடியில் இருக்கும் வாஷரை மாற்ற வேண்டுமென்றால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ஆட்களும் வண்டியும் வேண்டும். 1980-களில் கோவை மாவட்டத்தில் நீண்ட காலம் களத்தில் சோதித்து உருவாக்கிய மார்க் 3-இல் குழாயை அகலமாக்கினார்கள். இப்போது குழாயை அசைக்காமல் கம்பியோடு பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து, சில கருவிகளைக் கொண்டு ஊரிலேயே பழுதுபார்க்கலாம். குழாயின் விட்டத்தைக் கூட்டியதுதான் முக்கிய மாற்றம்; வாரக்கணக்கில் தண்ணீரின்றிக் காத்திருந்த ஊர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். வறண்ட பூமியான நம் பக்கத்துக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் இயந்திரத்துக்கு வருவோம். மாவு படும் பகுதிகளில் திருகு மரை இருக்கக்கூடாது; மாவு அதில் புகுந்து காய்ந்தால் எடுக்கவே முடியாது. உள் மூலைகள் எல்லாம் விரல் நுழையும் அளவுக்கு வளைவாக இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு, ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடிய வேண்டும். அச்சுத் தகடு ஒரே விதமாக மட்டுமே பொருந்தும்படி, ஒரு பக்கத்தில் வெட்டு வைத்துவிடுங்கள். தவறாகப் பொருத்தவே முடியாதபடி செய்யும் இந்த முறையை 1960-களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ ஆலைகளில் வளர்த்தெடுத்தார். அதற்குப் போகா-யோகே என்று பெயர். நம் வீட்டு மூன்று முள் பிளக்கில் பெரிய முள் மற்ற துளைகளில் நுழையாது. அது நீளமாகவும் இருப்பதால் எர்த் இணைப்பு முதலில் சேர்ந்து கடைசியில் பிரிகிறது. சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்தைக் கழற்றி, கழுவி, மீண்டும் பொருத்த இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, உங்கள் வடிவத்தில் எவ்வளவு ஆகிறது என்று அந்தப் பெண்களின் கையிலேயே கொடுத்து அளந்து, அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அளந்து காட்டியதை எந்த ஆசிரியரும் பொறியியல் அன்று என்று தள்ள மாட்டார்.

கேள்வி: இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றால், அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். அதை ஏன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கவில்லை?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: அந்தப் பொத்தான் மோட்டாரின் காவலன். சுமை கூடி மோட்டார் சூடேறும்போது மின்சாரத்தைத் துண்டித்து, சுருள் கருகாமல் காக்கிறது. ஜாரின் அடியிலுள்ள கப்ளரும் அப்படித்தான். பிளேடு சிக்கிக்கொண்டால் விலை குறைந்த அந்தத் துண்டு முதலில் தேய்ந்தோ உடைந்தோ போய், மோட்டாரைக் காப்பாற்றுகிறது. இரண்டுமே நன்கு சிந்தித்துச் செய்தவை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீர் படாமலும் தவறிக் கை படாமலும் இருக்கட்டும் என்று பொத்தானை அடியில் வைத்தது சரிதான். அது அங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டின் உள்பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டது சரியன்று. மிக்ஸி நின்றுபோனவர் கையேட்டைத் தேடுவதில்லை. முன்னால் இருக்கும் சுவிட்சைத்தான் திருகிப் பார்க்கிறார். அந்தச் சுவிட்சின் பக்கத்திலேயே "நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். நிறுவனம் எழுதவில்லையென்றால் நீங்களே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் மற்றவர்களும் மிக்ஸியைப் பயன்படுத்துகிறார்கள் அல்லவா?

அடுத்த மிக்ஸி வாங்கும்போது கப்ளர், ஜார் வாஷர், பிளேடு ஆகிய மூன்றும் காரைக்குடியிலேயே தனியாகக் கிடைக்கின்றனவா, அடித்தகட்டைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்ததும் அதற்கான இணையதளத்தைத் தொடங்கியதும் 2022-இல்தான். உதிரி பாகம் எங்கே கிடைக்கும், யார் பழுதுபார்ப்பார்கள் என்ற விவரங்களைச் சில நிறுவனங்கள் அதில் தந்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.